ஆறும் கையில் இருந்தது, நாலாகப் பிரிந்தது: புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியின் கதை

2025 மார்ச்சில் சென்னையில் எங்கே போனாலும் தொகுதி மறுவரையறைதான் பேச்சு. 5ஆம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டம், 22ஆம் தேதி கிண்டியில் கேரளா, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த கூட்டுக் கூட்டம். டீக்கடையில் பேப்பர் பிரிப்பவர்கள்கூட தமிழ்நாட்டின் 39 எம்.பி. இடம் என்ன ஆகும், 31 ஆகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நியாயமான கவலைதான். ஆனால் எண்ணிக்கை 39 ஆகவே நின்றாலும் ஒரு மாவட்டம் தன் தொகுதியை முழுசாக இழக்கலாம் என்பதை யாரும் பேசவில்லை. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது, 2008இல், புதுக்கோட்டைக்கு. அந்த ஊர்க்காரர்கள் சென்னையில் எத்தனையோ பேர் இருக்கிறோம், நாங்களே இதைச் சரியாகச் சொல்வதில்லை. "நம்ம தொகுதியப் பறிச்சுட்டாங்க" என்பதோடு நிறுத்திவிடுவோம். யார் பறித்தது, எப்படி என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் முழுக் கதையையும் கணக்கோடு எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஊரின் பின்னணி, சுருக்கமாக. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். தனிக் காசு உண்டு, அம்மன் காசு. 1924லேயே சட்டசபை இருந்த சமஸ்தானம் இது. இந்தியாவோடு இணைந்தபோது திருச்சி மாவட்டத்தில் சேர்த்தார்கள், 1974 ஜனவரி 14இல்தான் தனி மாவட்டமானது. இன்றைக்கும் கலெக்டர் ஆபீஸ் இயங்குவது அரண்மனைக் கட்டடத்தில்தான். சென்னையில் காங்கிரஸ் அலுவலகத்துக்குப் பெயர் கொடுத்த சத்தியமூர்த்தி பிறந்தது திருமயத்தில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது புதுக்கோட்டையில். ஆக, அரசியல் தெரியாத சீமை என்று யாரும் சொல்ல முடியாது. 1974 வரை மாவட்டம்கூட இல்லாத இந்த ஊருக்கு 1952 முதலே எம்.பி. தொகுதி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டம் வந்த பிறகு தொகுதி போனது.

யார் யார் ஜெயித்தார்கள்

முதல் தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு ஜெயித்தார். காங்கிரஸ் அலை அடித்ததாக நாம் நினைத்துக்கொள்ளும் காலம் அது. உண்மையில் அந்தத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மையே கிடைக்கவில்லை, புதுக்கோட்டையும் காங்கிரஸுக்கு எதிராகத்தான் நின்றது. 1957இல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார்.

1962தான் இந்தத் தொகுதியின் வரலாற்றில் எனக்குப் பிடித்த தேர்தல். காங்கிரஸ் மாநிலத்தின் 41 தொகுதிகளில் 31ஐ அள்ளியபோது, புதுக்கோட்டையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். உமாநாத் ஜெயித்தார். இவர் காசர்கோட்டில் பிறந்தவர், 1940இல் சென்னைச் சதி வழக்கில் பிடிபட்டவர், பிறகு திருச்சிப் பக்கம் தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். பொன்மலை ரயில்வே தொழிலாளர் போராட்டங்களில் வளர்ந்த பாப்பாவைத் திருமணம் செய்தவர். சாதி பலமோ சொந்த ஊர் என்கிற பிடிப்போ இல்லாத ஒருவரை, மழையை நம்பி வாழும் ஒரு கிராமத்துத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியது. 1964இல் கட்சி உடைந்தது, அவர் மார்க்சிஸ்ட் பக்கம் போனார், 1967இல் திமுக கூட்டணியில் அதே தொகுதியில் மறுபடி ஜெயித்தார்.

அதற்குப் பிறகு ஓட்டம் வேகமானது. 1971இல் திமுகவின் வீரையா, 1977இல் அதிமுகவின் இளஞ்செழியன், 1980இல் இந்திரா காங்கிரஸின் சுவாமிநாதன், பிறகு 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரஸின் சுந்தரராஜ், 1996இல் திமுகவின் திருச்சி சிவா, 1998இல் அதிமுகவின் ராஜா பரமசிவம்.

இந்த வரிசையை மாநில முடிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 1967 முதல் 2004 வரை நடந்த 11 பொதுத் தேர்தல்களில் ஒன்றில்கூடப் புதுக்கோட்டை தோற்ற கூட்டணியின் பக்கம் நின்றதில்லை. 1980இல் திமுக–காங்கிரஸ் கூட்டணி 37 இடம் பிடித்தபோது அதில் ஒன்று, 1984இல் அதிமுக–காங்கிரஸ் 37 பிடித்தபோதும் அதில் ஒன்று, 1998இல் அதிமுக கூட்டணி 30 பிடித்தபோதும் அதில் ஒன்று. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இதனால்தான் இந்தத் தொகுதியை எந்தக் கட்சியும் "எங்க கோட்டை" என்று சொந்தம் கொண்டாடவில்லை என்று நினைக்கிறேன். சொந்தம் கொண்டாட ஆளில்லாத இடத்தைப் பிரிக்கும்போது குறுக்கே விழுந்து தடுக்கவும் ஆள் வரமாட்டார்கள். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்டால் கையில் இல்லை.

1999 தனிக் கதை. சு. திருநாவுக்கரசர் அறந்தாங்கியில் 1977 முதல் வரிசையாகச் சட்டமன்றத்துக்கு ஜெயித்துவந்தவர். அதிமுகவை விட்டு வெளியே வந்து எம்.ஜி.ஆர். அதிமுக என்று தனிக் கட்சி வைத்திருந்தார், திமுக–பாஜக அணியில் சேர்ந்து புதுக்கோட்டையில் நின்று ஜெயித்தார். அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே எம்.பி. இடம் இதுதான். பிறகு கட்சியைப் பாஜகவில் இணைத்து, வாஜ்பாய் அரசில் இணையமைச்சரும் ஆனார். 2004இல் திமுகவின் எஸ். ரகுபதி ஜெயித்தார், மன்மோகன் அரசில் அவரும் இணையமைச்சர். ஆக, கடைசி இரண்டு எம்.பி.க்களும் மத்திய இணையமைச்சர்கள். டெல்லியில் செல்வாக்கே இல்லாமல் தொகுதி போய்விட்டது என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ரகுபதிதான் புதுக்கோட்டையின் கடைசி எம்.பி.

கத்தி எங்கே விழுந்தது

2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. மாநிலத்துக்கு எத்தனை தொகுதி என்பதில் கை வைக்கக் கூடாது, உள்ளே எல்லைகளை மட்டும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றலாம் என்பது விதி. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும் ஆணையத்தோடு உட்காரலாம், கருத்துச் சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது. 2008 பிப்ரவரியில் புதிய எல்லைகள் அமலுக்கு வந்தன.

இப்போது கணக்கு. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 நாடாளுமன்றத் தொகுதி. வகுத்தால் சரியாக 6. ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, எல்லா இடத்திலும் அப்படித்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அதுவரை ஐந்து சட்டமன்றத் தொகுதிகள்: குளத்தூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம். மறுவரையறையில் குளத்தூர் போய் கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன, ஐந்து ஆறானது. ஒரு எம்.பி. தொகுதிக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. மக்கள்தொகையும் ஏறக்குறைய பொருந்தியது. 2001இல் மாநில மக்கள்தொகையை 39ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 16 லட்சம், புதுக்கோட்டை மாவட்டத்தில் 14.59 லட்சம் பேர். 9 சதவீதம் குறைச்சல், அவ்வளவுதான். வரைபடத்தில் மாவட்ட எல்லையை அப்படியே பேனாவால் மேலே ஒரு தடவை ஓட்டியிருந்தால் தொகுதி தயார். நிர்வாக எல்லைகளை இயன்றவரை கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அப்படியும் ஏன் நடக்கவில்லை? பதில் புதுக்கோட்டைக்குள் இல்லை, சுற்றி இருக்கிற மாவட்டங்களில் இருக்கிறது.

தெற்கே சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடி தொகுதி ஒழிந்து ஐந்து நாலானது. ராமநாதபுரத்தில் கடலாடி ஒழிந்து அங்கேயும் ஐந்து நாலானது. இரண்டுக்கும் ஆறு வேண்டும், இரண்டு இரண்டு குறைகிறது. சிவகங்கை திருமயத்தையும் ஆலங்குடியையும் எடுத்துக்கொண்டது. ராமநாதபுரம் அறந்தாங்கியை எடுத்துக்கொண்டது, பாக்கி ஒன்றுக்கு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிக்குப் போனது. வடக்கே திருச்சி மாவட்டத்தில் ஒன்பது இருந்தும் அதில் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நாலும் பெரம்பலூருக்குப் போயின, மணப்பாறை கரூருக்குப் போனது. மிச்சம் நாலு. அந்தப் பள்ளத்தை நிரப்ப கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டை நகரமும். கரூருக்கு இன்னும் ஒன்று குறைந்தது, விராலிமலை போனது.

அவ்வளவுதான் கதை. அண்டை மாவட்டங்கள் மக்கள்தொகையில் பின்தங்கித் தொகுதி இழந்தன, புதுக்கோட்டை ஒன்று கூடுதலாகப் பெற்றது, கூடுதலாகப் பெற்ற மாவட்டத்தைப் பிய்த்து இழந்த மாவட்டங்களின் ஓட்டையை அடைத்தார்கள். நாலு பக்கமும் குறை வைத்த வீடுகளுக்கு நடுவில் இருந்ததுதான் புதுக்கோட்டை செய்த தப்பு.

ஆணையத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதுக்கோட்டையை முழுசாக விட்டிருந்தால் சிவகங்கையும் ராமநாதபுரமும் மதுரை, விருதுநகர் பக்கம் கை நீட்டியிருக்கும், மேலூரோ அருப்புக்கோட்டையோ போயிருக்கும், அப்போது மதுரைக்காரர்கள் கத்தியிருப்பார்கள். ஒரு இடத்தில் நிமிர்த்தினால் இன்னொரு இடத்தில் கோணும். ஆனால் ஒரே மாவட்டத்தின் ஆறும் ஒன்றாகப் பொருந்தியிருந்த இடத்தை நாலாக்கியதற்கு இந்தச் சமாதானம் போதாது என்பதுதான் என் வாதம்.

"மத்த மாவட்டத்துலயும் தொகுதி போச்சே" என்று சிலர் கேட்பார்கள். 2008இல் தமிழ்நாட்டில் 13 பெயர்கள் பட்டியலிலிருந்து போயின, 13 புதுப் பெயர்கள் வந்தன. ஆனால் நாகர்கோவில் போன இடத்தில் கன்னியாகுமரி வந்தது, திருச்செந்தூர் போன இடத்தில் தூத்துக்குடி, பெரியகுளத்துக்குத் தேனி, சிவகாசிக்கு விருதுநகர், செங்கல்பட்டுக்குக் காஞ்சிபுரம். பலகை மாறியது, கடை அங்கேயேதான். திருவாரூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் சொந்தப் பெயரில் தொகுதி கிடையாது, உண்மைதான். ஆனால் அரியலூரின் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் ஒன்றாகச் சிதம்பரத்தில் இருக்கின்றன, திருவாரூரின் நாலில் மூன்று நாகப்பட்டினத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஆறை நாலு திசைக்கும் பிரித்தது இங்கேதான்.

இதே கணக்கு சென்னைக்கு என்ன செய்தது தெரியுமா? சென்னையில் 14 சட்டமன்றத் தொகுதிகள் 16 ஆயின. மூன்று எம்.பி. தொகுதிக்கு 18 வேண்டும். அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரை வடசென்னைக்கும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சோழிங்கநல்லூரைத் தென்சென்னைக்கும் கொடுத்துச் சரிசெய்தார்கள். சென்னைக்கு இரண்டு குறைந்தபோது வெளியிலிருந்து வந்தது, சென்னை ஒன்றாகவே நின்றது. தலைநகருக்கு ஒரு நியாயம், புதுக்கோட்டைக்கு ஒரு நியாயம் என்று சொல்லத் தோன்றும், சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சென்னைக்கு ஒரு பக்கம் கடல், ஓரத்தில் இருப்பதன் லாபம் அது.

பிறகு என்ன ஆனது

2009 தேர்தலில் மாவட்டத்தில் 49-ஓ பிரச்சாரம் நடந்தது. இப்போதைய நோட்டா மாதிரி பொத்தானை அமுக்கிவிட்டு வருகிற விஷயமில்லை அது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் "நான் யாருக்கும் போடவில்லை" என்று சொல்லி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஏஜெண்டுகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிராமத்தில் அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். நோட்டா வந்தது உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்ன பிறகுதான். வழக்குப் போடலாமே என்றால், ஆணையத்தின் உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

வேட்பாளர்களும் சிதறினார்கள். திருநாவுக்கரசர் 2009இல் ராமநாதபுரத்தில் பாஜகவுக்காக நின்றார், தோற்றார். 2014இல் அதே ராமநாதபுரத்தில் காங்கிரஸுக்காக நின்றார், அப்போதும் தோற்றார். இரண்டு முறையும் அறந்தாங்கி அந்தத் தொகுதிக்குள் இருந்தது, ஆனால் ஆறில் ஒன்று மட்டும். 2019இல் திருச்சியில் நின்று 4 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பழைய புதுக்கோட்டை எம்.பி. மறுபடி புதுக்கோட்டை நகரத்துக்கு எம்.பி. ஆக இருபது வருஷமும் இரண்டு மாவட்டமும் சுற்ற வேண்டியிருந்தது.

2024 தேர்தலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகிற கூட்டத்தில் நின்றேன். பக்கத்தில் அறந்தாங்கிக்காரர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், அவருக்கு முன்னால் விராலிமலைப் பையன், முதல் ஓட்டு.

"தம்பி, நீங்க யாருக்குப் போடப்போறீங்கன்னு கேக்கல, எந்தச் சின்னம்லாம் வருது அங்க?"

"கை வருதுண்ணே. உங்களுக்கு?"

"எங்களுக்கு ஏணி. புதுக்கோட்டை டவுன்ல தீப்பெட்டி."

பையன் சிரித்துவிட்டான். கை காங்கிரஸ், ஏணி முஸ்லிம் லீக், தீப்பெட்டி மதிமுக, மூன்றும் ஒரே திமுக கூட்டணி. ஒரே மாவட்டத்தில் ஒரே அணிக்கு ஓட்டுப் போட விராலிமலை, திருமயம், ஆலங்குடியில் கை, அறந்தாங்கியில் ஏணி, புதுக்கோட்டை, கந்தர்வகோட்டையில் தீப்பெட்டி. நாலு தொகுதியும் தோழமைக் கட்சிகளுக்குப் போனதால், தொகுதியைக் கடைசியாக ஜெயித்த திமுகவின் உதயசூரியன் அந்த மாவட்டத்தில் ஒரு இயந்திரத்தில்கூட இல்லை. 2019லேயும் உதயசூரியன் இல்லாத இதே நிலைதான். சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் நல்ல வேலை, ஊர் எல்லை தாண்டினால் வேற சின்னம்.

ஓட்டுப்பதிவு முடிந்த ராத்திரி இயந்திரங்களும் அப்படித்தான், போலீஸ் காவலோடு திருச்சிக்கு, காரைக்குடிக்கு, ராமநாதபுரத்துக்கு, கரூருக்கு. எண்ணிக்கை அன்றைக்கு மாவட்டத் தலைநகரில் எண்ணுவதற்கு ஒரு ஓட்டும் இருக்காது.

தேர்தல் நாளை விடுங்கள், மற்ற நாளில் என்ன என்றால், அங்கேதான் உண்மையான நஷ்டம். மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்க மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு, திஷா என்பார்கள், எம்.பி. தலைமை. புதுக்கோட்டையில் அந்தக் குழுவில் உட்கார வேண்டியவர்கள் நாலு எம்.பி., ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். நாலு பேருக்கும் பெரிய வேலை வேறு மாவட்டத்தில். எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி, அதற்கு எம்.பி. ஒரு முதன்மை மாவட்டத்தைத் தேர்வு செய்ய வேண்டும். கரூர் எம்.பி. விராலிமலைக்காக புதுக்கோட்டையைத் தேர்வு செய்வாரா? மாட்டார், அவர் இடத்தில் நானும் மாட்டேன்.

2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது நினைவிருக்கும். அந்த ஊர் ஆலங்குடி பக்கம். பேச்சுவார்த்தைக்குக் கலெக்டர் புதுக்கோட்டையில், நாடாளுமன்றத்தில் பேச வேண்டிய எம்.பி. சிவகங்கைத் தொகுதிக்காரர். ஊர்க்காரர்கள் போராட்டத்தை நடத்தியது எம்.பி.யை நம்பி அல்ல என்பது வேறு விஷயம்.

எல்லாமே நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். அறந்தாங்கித் தொகுதியில் வரும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கும் ராமேஸ்வரம் மீனவர்களுக்கும் ஒரே கடல், ஒரே இலங்கைக் கடற்படை, ஒரே பிரச்சினை. அவர்களுக்கு ஒரே எம்.பி. இருப்பது பொருத்தம்தான். துண்டாகப் போனாலும் துண்டுக்கு மதிப்பு வரும் நேரமும் உண்டு: 2009இல் சிவகங்கையில் ப. சிதம்பரம் ஜெயித்த வித்தியாசம் 3,354 ஓட்டுதான். அந்த மாதிரித் தேர்தலில் திருமயமும் ஆலங்குடியும் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவே மாறும். ஆனால் அப்படி ஒரு தேர்தல் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை வரும்?

அடுத்த முறை

இனி நடக்கப்போகும் மறுவரையறையில் புதுக்கோட்டை திரும்பி வருமா என்று ஊரில் கேட்கிறார்கள். ஆறும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறது, கொடுத்துவிடலாமே என்பது அவர்கள் வாதம். நான் 2011 கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். மாவட்டத்தில் 16.18 லட்சம் பேர், மாநிலத்தில் 7.21 கோடி. பத்து வருஷத்தில் மாநிலம் 15.6 சதவீதம் வளர்ந்தபோது புதுக்கோட்டை சுமார் 11 சதவீதம்தான் வளர்ந்திருக்கிறது. 234 தொகுதிகளே நீடித்தால் ஒன்றுக்கு 3.08 லட்சம், அப்படியானால் புதுக்கோட்டையின் பங்கு 5.25. ஆறு மறுபடி ஐந்தாகிவிடும் வாய்ப்பு அதிகம். சிவகங்கைக்கு 4.34, ராமநாதபுரத்துக்கு 4.39, அவை நாலிலேயே நிற்கும், பக்கத்து ஊரைத் தேடும்.

சரி, எண்ணிக்கையே மாறிவிட்டால்? மாநிலத்துக்கு எம்.பி. இடம் கூடி, ஒரு எம்.பி. தொகுதிக்கு ஐந்து சட்டமன்றத் தொகுதி என்று வந்தால், அப்போது ஐந்து வைத்திருக்கும் புதுக்கோட்டைக்கு வழி பிறக்கலாம். இடம் குறைந்து, ஒரு தொகுதிக்கு ஏழு எட்டு என்று வந்தால் இன்னும் நாலு பேருக்கு நடுவில்தான். கிண்டியில் கூடிய தலைவர்கள் பேசியது முதல் எண்ணை, மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பதைப் பற்றி. புதுக்கோட்டைக்காரன் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை, 234ஐ 39ஆல் வகுத்தால் வரும் அந்த ஆறு என்னவாகிறது என்பதை. வரைவு அறிக்கை வந்ததும் ஆட்சேபணை சொல்லக் கொடுக்கும் நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும், அரசிதழில் இறுதி உத்தரவு வந்த பிறகு கடையடைப்பு நடத்திப் பிரயோஜனம் இல்லை.